நாற்பது அடிச் சுவரில் என்ன வரைவது?

அன்புள்ள ஓவிய ஆசிரியருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வடசென்னையில் எண்ணூரை அடுத்த எர்ணாவூர்ப் பக்கம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மதில் சுவர் உங்கள் மாணவர்களுக்கு வரையக் கிடைத்திருக்கிறது. நாற்பது அடி நீளம். சுகாதார ஆய்வாளர் கையோடு ஒரு பட்டியலும் கொடுத்துவிட்டார்: கொசு, கைகழுவுதல், காசநோய், தாய்ப்பால், புகையிலை. பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று பெயிண்ட் வாங்கித் தரத் தயாராக இருக்கிறது. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள்: "இதையெல்லாம் வரைந்தால் எங்க ஜனங்க ஆஸ்பத்திரியை நம்புவாங்களா?"

பட்டியலை அப்படியே வரைந்தால் நம்ப மாட்டார்கள். கொசு கடிக்கும் என்று எண்ணூர்க்காரருக்குச் சுவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுவரில் வரைந்த படத்துக்குச் சக்தியே கிடையாது என்று சொல்லவும் நான் தயாரில்லை. சென்னையில் நன்றாக வேலை செய்யும் பொது சுகாதாரச் சுவரோவியம் எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன்: காம்பவுண்டுச் சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகப் பதித்திருக்கும் சாமி படம் போட்ட டைல்ஸ். ஒரு பிள்ளையார், ஒரு வேளாங்கண்ணி மாதா, ஒரு மக்கா. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர், மீறினால் தண்டிக்கப்படுவீர்' என்று எழுதிய சுவரின் கீழே எப்போதும் ஈரம் இருக்கும். டைல்ஸ் பதித்த சுவர் காய்ந்து கிடக்கும். அந்த முகங்களோடு போகிற வருகிறவனுக்கு ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது, சுவர் அதைக் கடன் வாங்கிக்கொள்கிறது. (ஆள் அடுத்த சுவருக்குப் போய்விடுகிறான் என்பது வேறு கதை. கழிப்பறை கட்டாமல் டைல்ஸ் மட்டும் ஒட்டினால் அவ்வளவுதான் நடக்கும்.)

வடசென்னைக்காரர்களுக்கு மருத்துவத்தில் நம்பிக்கை இல்லை, விழிப்புணர்வு போதவில்லை என்று அதிகாரிகள் பேசும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் விடிகாலையில் போய்ப் பாருங்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று. பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் இருந்தார். இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய்க்கு மேல் போகாமல் பார்த்தவர். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை ஜனங்கள் திரண்டு வந்து அழுதார்கள். அவர் எந்தச் சுவரிலும் விளம்பரம் எழுதியவர் இல்லை. இந்த மண்ணில் நம்பிக்கைக்குப் பஞ்சம் கிடையாது. யாரை நம்பலாம் என்பதில் ஜனங்கள் கறாராக இருக்கிறார்கள், அவ்வளவே.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா எண்ணிக்கையில் ராயபுரம் மண்டலம் நகரத்திலேயே முதலிடத்தில் இருந்த மே மாதம். தொற்று வந்த தெருவின் வாயில் தகரம் அடித்தார்கள். வீட்டுக் கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் இருக்கும் ஊரில் யாரை யாரிடமிருந்து தனிமைப்படுத்துவது என்பதற்கு ஸ்டிக்கரில் பதில் இல்லை. அந்த வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி, உரிய அதிகாரி குறிப்பிட்ட உத்தரவு போட்டாலொழிய நோயாளிகள் வீட்டு வாசலில் இப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் ஒட்டிய பசை காய்ந்து, கிழித்த தடமும் கதவில் தங்கிவிட்டது. சுகாதாரத் துறை நம் ஜனங்களின் வீட்டுக் கதவில் எழுதிவிட்டுப் போன வாசகம் அந்த ஸ்டிக்கர்தான். அதே துறையின் மதிலில்தான் நீங்கள் இப்போது தூரிகை எடுக்கப் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அந்த 2020-இல் நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது தெருத்தெருவாகப் போட்ட காய்ச்சல் முகாம். டாக்டர் மாத்திரையோடு தெருவுக்கு வந்து உட்கார்ந்தபோது, காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொல்ல ஆட்கள் முன்வந்தார்கள்.

அடுத்த வருஷம் இன்னொன்று நடந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் மருத்துவமனையில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் தயக்கம் நீங்க வேண்டும் என்றுதான் கேமரா முன்னால் வந்தார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி மரணம். தடுப்பூசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆய்வு செய்த மத்திய குழு சொன்னபோது மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் எத்தனையோ வீடுகளில் ஊசி ஒத்திப்போடப்பட்டது. ஊரே விரும்பிய மனிதர், நல்ல நோக்கம். ஆனால் நம்பிக்கை முழுவதையும் ஒரே முகத்தின் மேல் ஏற்றி வைத்ததால், அந்த முகம் போனதும் எல்லாம் சரிந்தது. உங்கள் மாணவர்கள் கட்டாயம் ஏதாவது ஒரு நடிகரை வரையக் கேட்பார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள்.

அதே 2021-இல் இந்த நகரத்திலேயே வேறு மாதிரி முயற்சி ஒன்றும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பறக்கும் ரயிலில் இந்திரா நகர் நிலையம் வரை போய் வாருங்கள். நிலையத்தின் வெளிச்சுவர் முழுக்கப் பிரம்மாண்டமான முகங்கள். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸும், தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தோடும் தெற்கு ரயில்வேயோடும் சேர்ந்து செய்தது. வரைந்தவர்கள் சென்னையின் 'ஏ-கில்', டெல்லியின் 'கத்ரா'. எச்.ஐ.வி. பற்றிய ஓவியம் அது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் போன்ற சாதாரண மனிதர்கள்தான் தெரிவார்கள். இவர்களில் யாருக்கு எச்.ஐ.வி. என்று நீங்கள் தேடிப் பார்த்துத் தோற்றுப்போவீர்கள். அந்தத் தோல்வியில்தான் ஓவியம் வேலை செய்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதன் அருமை புரிய வேண்டுமென்றால் முன்னால் இதே ஊர்ச் சுவர்களில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே 1986-இல் இங்கேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை. அதற்குப் பிறகு வந்த சுவர்களில் மண்டையோடு வரைந்தார்கள், 'உயிர்க்கொல்லி நோய்' என்று சிவப்பில் எழுதினார்கள். 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் வந்தது. உங்களுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் என்றால் மறந்திருக்க முடியாது. சுவர், பஸ், டிவி எங்கும் அதே கேள்வி. ஊரே பேசியது, டீக்கடையில் ஜோக் அடித்தது, ராஜா என்று பெயர் வைத்திருந்த பையன்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் அவஸ்தைப்பட்டார்கள். பேசவே கூசிய ஒரு வார்த்தையைப் பேச வைத்தது என்ற வகையில் கெட்டிக்கார விளம்பரம்தான். ஆனால் நோய் வருவது 'அந்த மாதிரி' ஆளுக்கு என்று அது சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டது. அந்தச் சிரிப்பு கேட்கும் தெருவில் எந்தப் பெண் தைரியமாகப் பரிசோதனைக்குப் போவாள்? சென்னைச் சுவர்களில் மண்டையோட்டிலிருந்து புள்ளி ராஜாவுக்கும், அங்கிருந்து அடுத்த வீட்டு முகத்துக்கும் வந்து சேர ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

உங்கள் பட்டியலில் காசநோய்க்கு இந்த வழி பொருந்தும். டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் அதைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிறார் என்றால் அங்கே இருப்பது கூச்சம். கூச்சத்தை ஓவியத்தால் கொஞ்சம் கரைக்க முடியும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நகர மனநலத் துறையும் சுவரோவிய அமைப்பு ஒன்றும் சேர்ந்து நடத்திய 'போர்ச் லைட்' திட்டத்தை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 2015-இல் அறிக்கை கொடுத்தார்கள். ஓவியங்களுக்கு அருகில் குடியிருப்பவர்களிடம் மனநோயாளிகளைப் பற்றிய இளக்காரம் குறைந்திருந்தது, அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் துணை நிற்பார்கள் என்ற எண்ணம் கூடியிருந்தது. படத்தின் அழகுக்கு மட்டும் இதில் பெருமை சேராது. அங்கே நோயாளிகளும் தெருவாசிகளும் பல மாதம் ஒன்றாக உட்கார்ந்து, என்ன வரைவது என்று பேசி, சேர்ந்து வண்ணம் பூசியிருந்தார்கள். அதனால் சுவரை முடிக்க அவசரப்படாதீர்கள். மீன் விற்கும் அம்மாவும், ஷிஃப்ட் முடிந்து வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளியும், மாத்திரை தரும் நர்ஸ் அக்காவும் ஒரே மேசையில் உட்காரும் நேரம் உங்களுக்கு முக்கியம். ஒரு எச்சரிக்கை மட்டும்: குணமான டி.பி. நோயாளியை 'இவர்தான்' என்று அடையாளம் காட்டி வரைய வேண்டாம், அவரே ஆசைப்பட்டாலும். இன்றைக்கு அவர் பெருமையாகச் சம்மதிப்பார். இரண்டு வருஷம் கழித்து அவர் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சுவர் அங்கேயேதான் இருக்கும். எல்லா முகங்களையும் கலந்து, பெயர் போடாமல் வரையுங்கள்.

ஆனால் எண்ணூரின் பிரச்சினை கூச்சம் மட்டுமில்லையே. அங்கே ஆழமாக இருப்பது அவநம்பிக்கை. அதற்கு முகங்கள் போதாது.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். மணலி சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் வந்தது. மீனவர்கள் பக்கெட்டையும் மக்கையும் வைத்து அந்த எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுச் சுவர்களில், வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. நீங்கள் தூரிகை எடுப்பதற்கு முன்பே எண்ணூர்ச் சுவர்களில் ஓவியம் எழுதப்பட்டுவிட்டது.

அந்தக் கறை காய்வதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவு. பெரியகுப்பம் கடலோரத்தில், கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கையில் கிடைத்த வண்டியில் ஏறினார்கள். நாற்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் அதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை. அவரவர் மூக்குதான் அவரவருக்கு அபாயச் சங்கு.

இந்தத் தேதி என்னை விடாமல் துரத்துகிறது. 2004-இல் இதே டிசம்பர் 26 அன்றுதான் சுனாமி. புதுச்சேரிக் கரையில் நல்லவாடு என்ற மீனவ கிராமம் இருக்கிறது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்ய, கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்து, ஊரையே மேட்டுக்கு அனுப்பினார்கள். வீடும் படகும் போயின, உயிர் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது போன் அழைப்பைவிட, ஒலிபெருக்கி சொன்னதும் ஜனங்கள் ஏன் கிளம்பினார்கள் என்பது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் இந்த மையங்களை நடத்தி வந்தது. வீராம்பட்டினத்தில் நாள்தோறும் அலை உயரம் எவ்வளவு இருக்கும் என்று, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் சொல்வார்கள். காலையில் கேட்டவன் கடலுக்குப் போய்த் திரும்பும்போது அது சரியா தப்பா என்று அவனுக்கே தெரிந்துவிடும். தினமும் சோதித்துப் பார்த்துத் தேறிய குரல் ஒன்று ஓடு என்றால் ஜனங்கள் ஓடுவார்கள்.

மாறாக, லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் 2014-இல் எபோலா பரவியபோது, ஸ்டீபன் டோ என்ற ஓவியர் நோயின் அறிகுறிகளைத் தெருச் சுவரில் அழகாக வரைந்தார். நகரெங்கும் 'எபோலா நிஜம்' என்ற வாசகம் வேறு. நோய் நிஜம் என்றே சுவரில் எழுத வேண்டியிருந்தது என்றால் அரசின் பேச்சு எவ்வளவு தூரம் செல்லாக்காசாகியிருந்தது பாருங்கள். ஆகஸ்டில் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியைப் போலீஸும் ராணுவமும் சுற்றி வளைத்துப் பூட்டி, கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்திருந்தான். அவ்வளவுக்கும் பிறகு தூரிகை தனியாக என்ன செய்யும்?

ஆகவே உங்கள் நாற்பது அடியில் பாதியை எனக்குக் கொடுங்கள். அதில் அமோனியாவைப் பற்றி வரையச் சொல்வேன். குழாய் எங்கே கரையேறுகிறது, ஆலை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, மருத்துவமனை எங்கே என்று காட்டும் ஒரு வரைபடம். வாசனை வந்தால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கண்ணையும் தோலையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இதைப் படமாக வரையப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். திசைகளுக்கு அம்புக்குறி மட்டும் போடாமல் அங்கங்கே வீசும் காற்றின் பெயரையும் எழுதுங்கள். வாடைக் காற்று எப்படி அடிக்கும் என்று குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் வானிலை அலுவலகத்தைவிட நுணுக்கமாகச் சொல்வார்கள். அவர்கள் அறிவும் சுவரில் ஏறும்போதுதான் அது அவர்களுடைய சுவர் ஆகும்.

சுகாதார ஆய்வாளர் தயங்குவார். 'இது எங்க டிபார்ட்மென்ட் இல்ல' என்பார். மூச்சுத் திணறினால் முதலில் ஓடி வருகிற இடம் அவருடைய கட்டடம்தானே என்று பணிவாகக் கேளுங்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைப் பற்றி மூச்சு விடாத மதில் கைகழுவச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

தொழிற்சாலை பெயிண்டை வாங்காதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மூலையில் அவர்கள் சின்னம் வரும், பிறகு வரைபடத்தில் அந்தக் குழாயைக் கொஞ்சம் சின்னதாகப் போடலாமா என்று ஒரு போன் வரும். போனே வராவிட்டாலும் உங்கள் கை தானாகக் கொஞ்சம் நடுங்கும். சங்கடமான கேள்வியைத் தொடாத ஓவியம் எப்படி இருக்கும் என்பதற்குக் கண்ணகி நகரைப் பாருங்கள். அங்கே 2020-இல் நிறைய ஓவியங்கள் வந்து, அந்தப் பகுதியின் பெயருக்கு ஒட்டியிருந்த அவப்பெயர் கொஞ்சம் உதிர்ந்தது நிஜம்தான். ஆனால் நகரின் கால்வாய் ஓரங்களிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களின் வேலையையும் தண்ணீரையும் பற்றிய கேள்விகள் சுவரில் இல்லை. எண்ணூரில் அப்படியொரு அழகு வேண்டாம்.

அழகு என்றதும் ஞாபகம் வருகிறது. 2006 முதல் 2011 வரை மேயராக இருந்த மா. சுப்பிரமணியன் காலத்தில், போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் பண்பாட்டுக் காட்சிகளை வரைய வைத்தார்கள். பரதநாட்டியம், மாமல்லபுரம் எல்லாம் வந்தன. (2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவரும் அவரேதான்.) ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பைப் பறிகொடுத்திருந்த பேனர் ஓவியர்கள் பலருக்கு அதில் கூலி கிடைத்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்த அம்சம் அதுதான். உங்கள் பகுதியிலும் கட்சிச் சின்னமும் கடைப் பலகையும் எழுதிய கைகள் சும்மா இருக்கும். தேடிப் பிடியுங்கள். உப்புக் காற்றில் எந்த பெயிண்ட் உரியும், எது நிற்கும், அடியில் எவ்வளவு சுரண்ட வேண்டும் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி எழுத்து எழுதும் வித்தையும் அவர்களிடம்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. சுவரின் வாசல் பக்க முனையில் நாலடிக்கு மூன்றடி கறுப்பு பெயிண்ட் அடித்து வெறுமனே விடுங்கள். அதில் தினமும் காலையில் சாக்பீஸால் இரண்டு வரி எழுத வேண்டும். ஒன்று, இன்று டாக்டர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார், எந்த மாத்திரை இருப்பில் இல்லை. இரண்டு, மணலி காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் இன்றைய அளவு, அதற்கு என்ன அர்த்தம். இன்று டாக்டர் வரவில்லை என்றால் 'வரவில்லை' என்றே எழுத வேண்டும். சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்றால் தீர்ந்துவிட்டது என்று எழுத வேண்டும். எழுதப் போவது யார், அவர் லீவு போட்டால் யார், மோசமான செய்தியை எழுதினால் அவரை யாரும் அதட்டாமல் இருக்க என்ன வழி என்பதையெல்லாம் முதல் கோடு வரைவதற்கு முன்பே மருத்துவ அலுவலரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மற்ற முப்பத்தாறு அடியை எப்போது வேண்டுமானாலும் வரையலாம்.

இந்த இரண்டு வரிக்கு அவர் சம்மதித்தால் எனக்கு எழுதுங்கள். பெயிண்ட் செலவில் ஒரு பங்கு நான் தருகிறேன். சின்னம் எதுவும் போட வேண்டாம்.

அன்புடன்.